நம்மாளுங்க காயின்

எங்கள் வீட்டுக்கு கிராபிக்ஸ் கார்டுகள் வந்தது கல்யாண வீடியோக்களுக்காக. என் வீட்டுக்காரர் வீடியோ எடிட்டர். தாராவியில் எங்கள் வீட்டு மேல்தளத்தில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மெல்லத் திரும்பிச் சிரிக்கிற காட்சிகளை நாள் முழுக்க வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றுபோயின. கார்டுகள் சும்மா கிடந்தன. ஒரு பொருள் சும்மா கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மைனிங் என்றால் என்ன என்று படித்து, அவற்றை ஓடவிட்டது நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் யாராவது இதைப் பற்றிக் கேட்க வந்தால், கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மைனிங் என்பதில் மாயமில்லை. ஒரு நாணயத்தை உலகம் முழுக்க ஆட்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பரிமாற்றங்கள் சரிதானா என்று பார்க்க ஒரு வங்கி கிடையாது. என்னைப் போன்றவர்களின் கணினிகள்தான் ஓயாமல் கணக்குப் போட்டு அதை உறுதி செய்கின்றன. அந்த வேலைக்குக் கூலியாக அந்த நாணயத்தில் ஒரு துளி கிடைக்கும். நாங்கள் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது பிட்காயினுக்கு அடுத்தபடியாகப் பெரியது. கரண்ட் செலவு போகக் கையில் ஏதோ நின்றது. மழைக்காலத்தில் இன்னொரு உபயோகமும் இருந்தது. கார்டுகளிலிருந்து வருகிற அனல்காற்றில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபார்மைக் காயப்போட்டுக்கொண்டு போவார்கள். “இன்னிக்கு மிசின் ஓடுதாக்கா?” என்று கீழேயிருந்து குரல் வந்தால் அது மைனிங் பற்றிய விசாரிப்பு அல்ல. ஈரத்துணி விவகாரம்.

பிறகு அந்தப் பெரிய நாணயம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. இனிமேல் மைனிங் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். வெகுநாள் முன்னாலேயே சொல்லியிருந்ததுதான். ஆனாலும் அந்தச் சாயங்காலம் கார்டுகளின் மின்விசிறிகள் எல்லாம் அடங்கியதும் அறை ஏதோ காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி ஆகிவிட்டது.

“கார்டுகள வித்துரலாமா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“இன்னைக்கு ஊரே விக்கும். நாமளும் கூட்டத்துல போய் நிக்கணுமா?” என்றேன்.

விற்கவில்லை. இரண்டாவதாக ஒரு நாணயத்தைத் தேட ஆரம்பித்தேன்.

தேடப் போனால் நாணயங்கள் ஈசல் மாதிரி இருந்தன. ஒவ்வொன்றும் தன்னை அடுத்த பெரியது என்று சொல்லிக்கொண்டது. நான் விலையைப் பார்க்கவில்லை. விலை என்பது இன்றைக்கு யார் எவ்வளவு கத்துகிறார்கள் என்பதற்கான அளவு, அவ்வளவுதான். நான் பார்த்தது வேறு. நாணயத்தை ஓட்டுகிற நிரலை எழுதுகிறவர்கள் அதை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார்களா? எழுதுவதை நிறுத்திவிட்டார்களா, போன வாரமும் எழுதினார்களா? நாணயம் வெளியே வருவதற்கு முந்தியே ஆரம்பித்தவர்கள் தங்களுக்கென்று ஒரு மூட்டை எடுத்து வைத்துக்கொண்டார்களா? மைனிங் செய்கிறவர்கள் தனித்தனியாகச் செய்யாமல் கூட்டாகச் சேர்ந்து செய்வது வழக்கம். அதைக் கூட்டணி என்போம். ஒரே கூட்டணியின் கையில் பாதிக்கு மேல் பலம் போய்விட்டால் நடந்த பரிமாற்றத்தையே அவர்கள் மாற்றி எழுதிவிடலாம். அப்படி இருக்கிறதா?

எல்லாவற்றையும்விட, அந்த நாணயத்தைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் சண்டை போடுகிறார்களா என்று பார்த்தேன். அவர்களுடைய பொதுத் தளத்தில் ஒருவன் வந்து “இது தப்பு” என்கிறான், இன்னொருவன் “இல்லை, இதனால்தான் அப்படி” என்று பதில் சொல்கிறான், முதல் ஆள் அதற்கும் அடங்கமாட்டேன் என்கிறான் என்றால் அந்த இடத்தில் எனக்கு மூச்சு விட முடிந்தது. எல்லோரும் விலை பறக்கும் என்று ராக்கெட் படம் போட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வந்துவிடுவேன். கூகிளில் போட்டுப் போட்டுத்தான் பாதி இங்கிலீஷ் புரிந்தது. புரிகிறவரைக்கும் விடவில்லை.

நான் இப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் வந்தான்.

என் அண்ணன் செம்பூரில் இருக்கிறான். ஒரு கூரியர் ஆபீசில் சூப்பர்வைசர். கூட்டம் சேர்ப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. கோயில் கொடையா, கிரிக்கெட் மேட்சா, யாருக்காவது ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமா, அவன் போனை எடுத்தால் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் விக்ரோலியிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். அவன் சொன்னால் கேட்பார்கள். நானும் கேட்டு வளர்ந்தவள்தான்.

“ஏ பிள்ள, இனிமே நீ ஒண்ணும் தேடி அலைய வேண்டாம்” என்றான், படியேறி வரும்போதே. “நம்மாளுங்களே ஒரு காயின் கொண்டாந்துட்டாவ. தமிழங்க நடத்துத காயின். மும்பைல இருக்க நம்ம சனம் பூரா இதுல வாராவ. நான்தான் இந்த ஏரியாவுக்கு கோஆர்டினேட்டர்.”

போனில் படம் காட்டினான். தங்க நிற வட்டத்துக்குள் ஒரு பனைமரம்.

“உன் கார்டு எல்லாத்தையும் இதுக்குத் திருப்பு. அடுத்த ஞாயித்துக்கிழமை மாட்டுங்கால மீட்டிங். தாராவில ஒரு பொம்பள மைனிங் பண்ணுதாள்னு சொல்லியிருக்கேன். உன்னைய மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுதாவ.”

“பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

“பாக்க என்ன இருக்கு? நம்மாளுங்கட்டி!”

இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு உள்ள பலம் எனக்குத் தெரியும். வீடு பிடிக்க, வேலை பிடிக்க, ரேஷன் கார்டுக்கு, பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு நம்மாளுங்கதான். அதனாலேயே அந்த வார்த்தையை யார் எதற்காகக் கையில் எடுக்கிறார்கள் என்பதை இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பார்த்தேன். மற்ற நாணயங்களுக்குப் போட்ட அதே கேள்விகள்தான். தமிழ் நாணயம் என்பதற்காக ஒன்றுகூடக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. நிரல் வேறொரு பழைய நாணயத்திலிருந்து அப்படியே எடுத்தது. எடுப்பது தப்பில்லை, நிறையப் பேர் எடுக்கிறார்கள். ஆனால் இதில் பேரை மாற்றினவர் எல்லா இடத்திலும் மாற்றக்கூட மெனக்கெடவில்லை. உள்ளே இரண்டு மூன்று இடங்களில் பழைய நாணயத்தின் பேரே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதில் ஒரு வரி எழுதவில்லை. முதல் கட்டத்திலேயே பெரிய மூட்டை ஒன்று ஒரே முகவரிக்கு, அதாவது பேர் தெரியாத ஒரே கணக்குக்கு, போயிருந்தது. மைனிங் கூட்டணி ஒன்றே ஒன்று, அதுவும் அவர்களுடையது. நாணயத்தை வைத்துக்கொள்கிற வாலட் செயலியின் நிரல் மூடியிருந்தது. விற்க வேண்டுமானால் அதே செயலியில்தான் விற்க வேண்டும், வெளியே எங்கேயும் போகாது.

அண்ணன் என்னைச் சேர்த்துவிட்டிருந்த வாட்ஸப் குரூப்பில் தமிழிலேயே கேட்டேன். “ஆரம்பத்தில் எடுத்து வைத்த நாணயங்கள் யாரிடம் இருக்கின்றன? அவர்கள் எப்போது விற்கலாம் என்று ஏதாவது வரைமுறை உண்டா?” அவ்வளவுதான். ஒரு வணக்கம்கூடப் போட்டிருந்தேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் கேள்வியைக் காணோம். திரும்பவும் போட்டேன். இந்தத் தடவை குரூப்பிலேயே நான் இல்லை.

அண்ணன் போன் வந்தது.

“என் மானத்த வாங்கிட்டியேட்டி. அட்மின் எனக்குப் போன் போட்டுக் கேக்காரு, உங்க தங்கச்சிக்கு என்ன பிரச்சினைன்னு.”

“கேள்விக்குப் பதில் தெரியலைன்னா அது அவருக்குப் பிரச்சினை. எனக்கு என்ன?”

“நீ மீட்டிங்குக்கு வரவேண்டாம்.”

“வருவேன்” என்றேன்.

போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார். மாட்டுங்காவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்து வரவேற்றார்கள். மேடையில் பேசினவர்தான் நாணயத்தை நடத்துகிறவர், மாட்டுங்காவிலேயே பல காலமாக இருக்கிற குடும்பம், ஐம்பது வயதிருக்கும், சலவைச் சட்டை, இதமான குரல். நாம் எத்தனை தலைமுறையாக இந்த ஊரை நம் கையால் கட்டினோம், ஆனால் பணம் யாரிடம் போனது என்று கேட்டார். கூட்டம் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் அது ஒன்றும் பொய் இல்லையே. ஆனால் அந்தத் துக்கத்துக்கும் இந்தச் செயலிக்கும் என்ன சம்பந்தம் என்பதை மட்டும் அவர் சொல்லவேயில்லை.

கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்து நின்றேன். மைக் தரவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. தாராவியில் வளர்ந்த குரல்.

“முதல்லயே எடுத்து வச்ச காயின் யார்கிட்ட சார் இருக்கு?”

அவர் சிரித்தார். “பாருங்கோம்மா, அது கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம். மீட்டிங் முடிஞ்சு தனியா பேசலாமே. எந்தக் கரன்சிக்கும் டிரஸ்ட்தான் ஃபவுண்டேஷன். நாமளே நம்மள நம்பலேன்னா வேற யார் நம்புவா?”

கைத்தட்டல். நான் உட்காரவில்லை.

“டெக்னிக்கல் இல்ல சார். யார்கிட்ட இருக்குன்னுதான் கேக்கேன். ஒரு பேரு. அவ்வளவுதான்.”

பின்வரிசையில் “உக்காருங்கம்மா” என்று ஒரு பெண் குரல். இன்னொருவர் “வீட்டுக்காரர் கூட வரலையா?” என்றார். வீட்டுக்காரர்தான் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே! என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. திரும்பிப் பார்த்து, “நான் எடிட்டிங் பண்ணுதவன் அண்ணாச்சி. மைனிங் இவதான். எனக்கும் அதே சந்தேகம்தான், பதில் சொல்லச் சொல்லுங்க” என்றார்.

அண்ணன் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தான். உட்கார். சின்ன வயதில் அப்பா கோபமாக இருக்கும்போது என்னைக் காப்பாற்ற அவன் செய்கிற அதே சைகை. அன்றைக்கு அது என்னைக் காப்பாற்ற அல்ல. நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அப்புறம்தான் உட்கார்ந்தேன். வெளியே போகவில்லை. கடைசிவரை இருந்து, அவர்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நானும் நம்மாளுங்கதான், யாரும் என்னை அதிலிருந்து நீக்க முடியாது.

அந்த வாரமே நான் ஒரு நாணயத்தைத் தேர்ந்தெடுத்தேன். அழகான படம் இல்லாதது. அதை ஆரம்பித்தவர்கள் தங்களுக்கென்று எதையும் எடுத்து வைக்கவில்லை, எல்லோரையும் போல முதல் நாளிலிருந்து ஓட்டித்தான் சம்பாதித்திருந்தார்கள். பொதுத் தளத்தில் ஓயாத சண்டை. முதலில் ஒரு துளியை எடுத்து இன்னொரு வாலட்டுக்கு அனுப்பி, வெளியே விற்று, ரூபாயாக என் கணக்குக்கு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. கார்டுகளைத் திருப்பினேன்.

லாபம் என்று பெரிதாக இல்லை. எடிட்டிங் வேலை இல்லாத நேரத்தில் மட்டும் ஓட்டினேன். சில மாதம் கரண்ட் பில்லுக்குச் சரியாகப் போயிற்று. ஆனால் அண்ணனின் நாணயம் ஏறிக்கொண்டே போனது. செயலியில் பச்சை நிற அம்பு மேலே மேலே. மைனி, அண்ணன் பெண்டாட்டி, போன் பண்ணும்போதெல்லாம் சொல்வாள். “உங்க அண்ணன் டோம்பிவிலில ஒரு ரூம் எடுத்து மிசின் போட்டிருக்காவ. நீயும் அன்னைக்கு வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா...” அதற்குமேல் சொல்லமாட்டாள். அண்ணன் பேசுவதையே நிறுத்தியிருந்தான். அவன் மகள் காதுகுத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள், ஆனால் அத்தை முறைக்கு நான் செய்ய வேண்டிய சீர் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்து இலைக்காரர் “உங்க காயின் எப்படிப் போகுது?” என்று சிரித்தார். “மெதுவாப் போகுது. கேட்டா பதில் சொல்லுது” என்றேன்.

நடுவில் என் நாணயத்துக்கும் ஒரு கண்டம் வந்தது. நிரலில் ஒரு ஓட்டை. யாரோ அதைக் கண்டுபிடித்து வேலையைக் காட்டிவிட்டார்கள், சில நாள் எல்லாப் பரிமாற்றமும் நின்றது. நான் கார்டுகளை அணைத்துவிட்டு அவர்களுடைய பொதுத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மறைக்கவில்லை. எங்கே தப்பு, யார் கவனிக்காமல் விட்டது, எப்படிச் சரிசெய்கிறோம் என்று முதல் நாளே எழுதினார்கள். அந்த வரியை எழுதினவனே வந்து “என் தப்பு” என்று போட்டான். அவனைத் திட்டினவர்களின் பதிவுகளையும் யாரும் அழிக்கவில்லை. விலை பாதாளத்துக்குப் போனது. நான் திரும்பவும் கார்டுகளைப் போட்டேன்.

அண்ணனின் நாணயம் கீழே விழவே இல்லை. அதுதான் விசேஷம். அம்பு பச்சையாகவே இருந்தது, விற்கிற பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. பராமரிப்புப் பணி என்றார்கள். அப்புறம் குரூப்பில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று ஆனது. அப்புறம் அட்மினும் எழுதவில்லை. மாட்டுங்காக்காரர் துபாயில் இருப்பதாக ஒருவர் சொன்னார், ஆஸ்பத்திரியில் இருப்பதாக இன்னொருவர். ஆட்கள் செம்பூருக்கு, அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவன் சொல்லித்தானே சேர்ந்தார்கள்.

ஒரு மத்தியானம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். முகம் ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான்.

“ஞாயித்துக்கிழமை ஆண்டாப் ஹில்ல எல்லாத்தையும் கூப்பிட்டிருக்கேன். நீ வரணும்” என்றான். “உன்னைய எல்லாருக்கும் தெரியும், அன்னைக்கு எந்திரிச்சுப் பேசினவ. நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இதெல்லாம் முன்னாடியே யாருக்கும் தெரியாது, எந்தக் காயினுக்கும் இப்படி நடக்கலாம், உன் காயினுக்குக்கூட நடந்துச்சுன்னு. நீ சொன்னா கேப்பாவ.”

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. சொன்னது வேறு.

“சொல்ல மாட்டேன்.”

“உன் அண்ணன்ட்டி நான்.”

“அதுக்காகத்தான் சொல்ல மாட்டேங்கேன். தெரிஞ்சிருக்கும்ணே. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாருக்குமே தெரியாதுன்னு நான் இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு வேற ஒருத்தன் வேற மரம் போட்ட காயினோட வருவான், அப்பவும் ஒருத்தரும் கேக்க மாட்டாவ.”

அவன் எழுந்துவிட்டான். படி வரைக்கும் போனவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

“பொய் சொல்ல வரமாட்டேன். ஆனா போலீஸ்ல புகார் குடுக்க உன்கூட வாரேன். அந்த மூட்டை எந்த முகவரிக்குப் போச்சுன்னு என்னால காட்ட முடியும். ஆண்டாப் ஹில்லுக்கும் வாரேன், உன் பக்கத்துல நிக்கேன். பேசப்போறது நீதான்.”

போலீஸ் ஸ்டேஷனில் அரை நாள் உட்கார்ந்தோம். எழுதிக்கொண்ட அதிகாரி “காயின் கஹாங் ஹை?”, காயின் எங்கே என்று, நாணயத்தை மேஜையில் வைக்கச் சொல்கிறவர் மாதிரி கேட்டார். நான் அவருடைய கம்ப்யூட்டரிலேயே திறந்து, அந்தப் பெரிய மூட்டை உடைந்து உடைந்து எங்கெல்லாம் போயிருக்கிறது என்று காட்டினேன். சைபர் பிரிவுக்கு அனுப்புகிறோம் என்றார். அனுப்பினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒன்றும் திரும்ப வரவில்லை, வரும் என்று நான் யாருக்கும் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டாப் ஹில்லில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் கூடினார்கள். அண்ணன் எழுந்ததுமே சத்தம். கொஞ்ச நேரம் அடங்கவிட்டுப் பேசினான். கூட்டத்தில் எப்போதும் பேசுகிற குரல் இல்லை அது.

“அன்னைக்கு என் தங்கச்சி கேட்டா. பதில் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் நான்தான் அவளை உக்காரச் சொன்னேன்.”

ஒருவர் சட்டையைப் பிடிக்க வந்தார். மற்றவர்கள் விலக்கினார்கள். நான் அவன் பக்கத்திலேயே நின்றேன். போலீஸில் புகார் கொடுத்ததையும் அவன் சொன்னான். அப்போது நடுவிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

“உனக்குத் தெரிஞ்சிருக்குல்ல? எங்க வீட்டுக்கு வந்து ஏன் சொல்லல?”

“குரூப்புல சொன்னேன். என்னைய நீக்குனாவ. ஹால்ல எந்திரிச்சுக் கேட்டேன். அப்ப ‘உக்காருங்கம்மா’ன்னு பின்னாலருந்து ஒரு குரல் வந்துச்சு. அது உங்க குரல்தான்க்கா.”

அவள் என்னை முறைத்துக்கொண்டே நின்றாள். நானும் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, ஆனால் அவளுக்காக என் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் தயாராக இல்லை. கொஞ்சம் கழித்து அவள், “சரி, இப்ப அந்தப் புகார்ல என் பேரையும் எழுது” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சிலர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டிவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நானும் அண்ணனும் மட்டும் நின்றோம். வடாபாவ் வாங்கினான், காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மிளகாயைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

“டோம்பிவிலில மிசின் சும்மாதான் கெடக்கு. நீ ஓட்டுத அந்தக் காயினுக்கே அதையும் திருப்பிரலாம்னு பாக்கேன். நீதான் எல்லாம் பாத்து வச்சிருப்பியே.”

“நான் பாத்தது எனக்கு” என்றேன். “நீயா பாரு. எங்கெல்லாம் பொத்தலா இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டு வந்து என்கிட்ட சண்டை போடு. அப்புறம் திருப்பலாம்.”

“இங்கிலீஷ்லல்லாட்டி இருக்கு எல்லாம்?”

“எனக்கும் இங்கிலீஷ்லதான் இருந்துச்சு” என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.